நவம்பர் கச்சேரிக்கு டெனர் குரல்களும் வயோலாவும் தேவை

டர்பன் உறவுகளுக்கு வணக்கம். இறந்தோரை நினைக்கும் மாதம் நவம்பர். 1860 நவம்பர் 16-ல் மதராசிலிருந்து ட்ரூரோ கப்பலில் நம் ஆட்கள் முதன்முதலாக இங்கே வந்து இறங்கியதும் அதே மாதம்தான். இரண்டையும் சேர்த்து நினைக்க, சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தேவாலயப் பாடகர் குழு பிரெஞ்சு இசையமைப்பாளர் கப்ரியேல் ஃபோரேயின் ரெக்வியத்தை, அதாவது இறந்தோருக்கான பூசை இசையை, பாடப்போகிறது.

மொத்தம் 35 நிமிடம் வரும். தீர்ப்பு நாளின் பயங்கரத்தை விவரிக்கும் நீண்ட பாடலை ஃபோரே சேர்க்கவே இல்லை, இளைப்பாறுதலைத்தான் கேட்கிறார். துக்க வீட்டுக்கு அதுதானே பொருத்தம்? நாங்கள் எடுத்திருப்பது 1893 வடிவம். அதில் தனி வயலின் ஒன்று உண்டு, வயலின் கூட்டம் கிடையாது. பாரம் முழுக்க வயலினைவிடப் பெரிய வயோலா, செல்லோ வாத்தியங்கள் மேல்.

செல்லோ கிடைத்துவிட்டது. வயோலா வாசிப்பவர் ஒருவரும் இல்லை. டெனரில், அதாவது உயர்ந்த ஆண் குரலில், இரண்டே பேர், அதில் ஒருவருக்கு எப்போதும் இருமல்! ஃபீனிக்ஸ், டொங்காட் பக்கம் யாராவது இருந்தால் சொல்லுங்கள். நோட்டேஷன் படிக்கத் தெரியாவிட்டாலும் சரி, கேட்டுப் பழகிக்கொள்ளலாம்.

அப்புறம், முடிவில் இரண்டு தமிழ்க் கீர்த்தனைகள் உண்டு. தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளைகளுக்காக வரிகளை ஆங்கில எழுத்தில் தட்டித்தர ஓர் அக்காவோ அண்ணனோ வேண்டும்.

ஒத்திகை சனி மாலை. சாப்பாடு எங்கள் பொறுப்பு. உள்பெட்டியில் எழுதுங்கள்.