திருகோணமலைக் குளங்களில் நீங்கள் கண்ட பறவைகள்: அனுபவங்களைச் சொல்லுங்கள்

தம்பலகாமத்திலிருந்து:

போன பங்குனியில், எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு சிறு குளத்தில் நடந்தது. குளத்தின் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன், கூடு இருக்கும் இடத்தை எல்லோருக்கும் சொல்வது நல்லதில்லை. பெரும்போக வேளாண்மை வெட்டி முடிந்து, குளத்தில் பாதியைத் தாமரை மூடியிருந்த நேரம். கோயிலுக்குப் பூப் பறிக்கும் ஐயா ஒருவர் தன் தோணியில் என்னையும் ஏற்றிக்கொண்டார். நடுக்குளத்தில் சவளை நிறுத்தி, "தம்பி, அங்க பாருங்கோ. அசையாதீங்கோ" என்றார்.

தாமரைக்கோழி. நீண்டு வளைந்த கரிய வால், பிடரியில் பொன் நிறம். நாலைந்து தண்டுகளை இலைமேல் இழுத்துப் போட்டதுதான் கூடு. அதில் செம்பழுப்பாக மினுங்கும் நான்கு முட்டைகள். இந்தப் பறவையில் அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் ஆண்தான். பெண் முட்டையிட்டுவிட்டு அடுத்த துணையிடம் போய்விடும். ஏறக்குறைய 26 நாள் ஆண் தனியே இருந்து காக்க வேண்டும்.

எங்கள் தோணி எழுப்பிய அலையில் கூடு ஒரு பக்கம் சரிந்தது. உடனே அது ஒரு முட்டையை அலகுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் இடுக்கி, பின்னோக்கி நடந்து பக்கத்து இலைக்கு இழுத்துக்கொண்டு போனது. பிறகு அடுத்தது. எனக்கு நெஞ்சடைத்துப் போய்விட்டது. அந்த வேலையை அதற்கு வைத்தது நாங்கள்தானே. ஐயா தோணியைத் திருப்பினார். "பூவைக் கிள்ளி எடுக்கிறதுதான் என்ர வழக்கம். கொடியோட இழுத்தால் கூடும் சேர்ந்து வந்திடும்" என்றார்.

அதற்கு முந்தைய வருடம் ஊராகச் சேர்ந்து இதே குளத்தைத் துப்புரவாக்கச் சிரமதானம் செய்தோம். சல்வீனியா என்ற மிதக்கும் களையை அள்ளுகிறோம் என்று தாமரையையும் சேர்த்து வாரிக் கரையில் குவித்தோம், நானும் நின்று வாரினேன். சல்வீனியா தென்னமெரிக்காவிலிருந்து வந்தது, 1939இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. தண்ணீரைப் போர்வை மாதிரி மூடிவிடும், அதை அள்ளத்தான் வேண்டும். தாமரை அப்படியில்லை. அன்று எத்தனை கூடு போனதோ என்று இப்போதும் மனம் கிடந்து அடிக்கிறது.

கிண்ணியாவிலிருந்து:

என்னுடையது சின்னக் கதை. வாப்பாவோடு விடியப்புறம் குளத்துக்குப் போனோம். யாரோ விட்டுப்போன தங்கூசி வலையில், அதுதான் ஒற்றை நைலோன் இழையில் பின்னிய வலையில், இரண்டு நீர்க்காகங்கள். மீனைத் துரத்தி முங்கியவை வலைக்குள் போய்விட்டன. ஒன்று தண்ணீருக்குள்ளேயே செத்துப்போயிருந்தது. மற்றதன் தலைமேல் வாப்பா தன் சாரத்தைப் போட்டு மூடினார். கண்ணை மறைத்ததும் அது அடங்கிவிட்டது. நூலை இழுக்காமல் வலையின் ஒவ்வொரு கண்ணியாக அறுத்தோம், அரை மணித்தியாலம் பிடித்தது. விட்டதும் பறக்கவில்லை. கல்லில் ஏறி, செட்டையை விரித்துக் காய வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றது. அப்புறம்தான் போனது.

அந்த வலை தடை செய்யப்பட்டது என்று எல்லோருக்கும் தெரியும். மலிவு, மீனுக்குக் கண்ணில் படாது, அதனால் போடுகிறார்கள். போடுகிறவரோடு சண்டை பிடித்துப் பயனில்லை. கிழிந்த வலையையாவது குளத்தில் விடாமல் வீட்டுக்கு எடுத்து வாருங்கள் என்று எங்கள் பக்கத்துப் பொடியன்களிடம் கேட்டு வருகிறேன். சிலர் கேட்கிறார்கள்.

கந்தளாயிலிருந்து:

மரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். குளக்கட்டில் மரம் வளரக் கூடாது, வேர் போன வழியே தண்ணீர் கசியும். 1986 சித்திரையில் கந்தளாய்க் குளம் உடைத்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்த ஊர் இது. கட்டைக் காப்பது பற்றி எங்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

ஆனால் எங்கள் பக்கத்தில் கட்டைத் துப்புரவாக்க வந்தவர்கள் அதே வேகத்தில் அலைகரைக்கும், அதாவது கட்டில்லாத பக்கம் தண்ணீர் ஏறி இறங்கும் கரைக்கும், போய்விட்டார்கள். அங்கே நின்ற மருதமரங்களில்தான் கொக்கும் நீர்க்காகமும் கூட்டமாகக் கூடு கட்டும். எச்சம் நாறுகிறது, மீனைத் தின்கிறது என்று சிலருக்கு முன்பே கோபம் இருந்தது. நானும் இன்னும் மூன்று கமக்காரரும் போய் நின்றோம். அலைகரை மருதத்தின் வேர் மண்ணைப் பிடித்து வைத்திருக்கிறது, அதை வெட்டினால் மாரியில் மண் குளத்துக்குள்தான் வரும், தூர்ந்தால் சிறுபோகத்துக்குத் தண்ணீர் குறையும் என்றோம். பறவையைச் சொல்லியிருந்தால் எடுபட்டிருக்காது, தண்ணீரைச் சொன்னதும் கேட்டார்கள். இரண்டு மரம் அதற்குள் விழுந்துவிட்டது. ஏழு மரம் நிற்கிறது.

தம்பலகாமத்திலிருந்து மீண்டும்:

கந்தளாய் அண்ணை, நீங்கள் சொன்னதை வாசித்தபின் நேற்று ஐயாவையும் கூட்டிக்கொண்டு எங்கள் கமக்காரர் அமைப்பின் கூட்டத்துக்குப் போனேன். அடுத்த சிரமதானத்தில் சல்வீனியாவை மட்டும் அள்ளுவது, அதுவும் கூடு கட்டும் காலம் முடிந்து ஆவணிக்குப் பிறகு என்று பேசியிருக்கிறோம். தாமரைக்குள் எந்தப் பக்கம் போகலாம், எந்தப் பக்கம் போகக் கூடாது என்று ஐயாவே தடி ஊன்றிக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்.