மறு: 'தகவலாளி' வேண்டாம் என்றால் வேறு என்ன?

எல்லாருக்கும் வணக்கம்.

களப்பணிக் கையேடு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. இனவரைவியல் (ஒரு சமூகத்தின் வாழ்வை நேரில் கண்டு எழுதுவது), பங்குபற்றல் அவதானம் (அவர்களோடு சேர்ந்து இருந்துகொண்டே கவனிப்பது) என்ற சொற்கள் இரண்டையும் அப்படியே வைத்துவிட்டேன். தன் ஊரைப் பற்றி ஆய்வாளருக்கு எடுத்துச் சொல்கிறவருக்குத்தான், அதாவது ஆங்கிலத்தில் informant எனப்படுபவருக்குத்தான், 'தகவலாளி' அல்லாத பெயர் இன்னும் அமையவில்லை.

> 'தகவலாளி' பாடநூல்களில் பழகிய சொல். ஏன் மாற்ற வேண்டும்?

ஐயா, சென்னையில் அது சாதாரணச் சொல்லாக இருக்கலாம். திருகோணமலையில் 'தகவல் கொடுத்தவர்' என்றால் காட்டிக்கொடுத்தவர். போர்க்காலத்தில் முகமூடி போட்டுக்கொண்டு இராணுவத்துக்கு ஆள் காட்டிய தலையாட்டிகளைப் பார்த்த சனம் இது. சுற்றிவளைப்பில் முகமூடிக்குள் ஒரு தலை அசைந்ததால் பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகள் உண்டு. மூதூரிலோ சம்பூரிலோ அப்படி ஒரு வீட்டுத் திண்ணையில் இருந்துகொண்டு, "அம்மா, நீங்கள்தான் என் தகவலாளி" என்று என் மாணவி சொல்ல நான் விடமாட்டேன்.

> பெறுநர், அனுப்புநர் போல 'உரைநர்' என்று ஆக்கலாமே.

புணர்ச்சியில் குறையில்லை. ஆனால் முதலாம் வருடப் பிள்ளைகள் மேடையில் உரையாற்றுபவர் என்றே எடுப்பார்கள்.

எனக்குப் பிடித்தது 'வாயிலோர்'. தொல்காப்பியக் கற்பியல் பாணன், விறலி, கூத்தர், அறிவர், கண்டோர் என்று அடுக்கி, தலைவனுக்கும் தலைவிக்கும் இடையில் நின்று பேசும் அவர்களை 'வாயில்கள்' என்கிறது. உள்ளே நுழைய முடியாதவனுக்கு உள்ளிருப்பதைத் திறந்துகொடுப்பவர்கள். கண்டோர் என்பதை மட்டும் எடுத்தாலும் போதும், கண்டு சொல்பவர். மானிடவியலாளர் மலினோவ்ஸ்கி 1915க்கும் 1918க்கும் இடையில் நியூகினிக்குக் கிழக்கே துரோபிரியாண்ட் தீவுகளில் தேடியது இப்படிப்பட்டவர்களைத்தானே? அவருடைய ஆசிரியர் செலிக்மன், இலங்கைப் பழங்குடிகளான வேடர்களைப் பற்றி மனைவியோடு எழுதி 1911இல் வெளியிட்ட நூலில் நம் கிழக்குக் கரையோர வேடர்களும் வருகிறார்கள். செலிக்மன் தம்பதிக்குச் சொல்லிக்கொடுத்தவர்களுக்கும் ஒரு மரியாதையான பெயர் வேண்டும்.

> வாயில் என்றால் வாயில்காப்போரோடு குழம்பும்.

இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. கரையில் நின்று இழுக்கும் கரைவலையில், வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி சம்மதிக்காமல் கரையில் நிற்கவே ஏலாது, அவர் வாயில்காப்போர். கயிறு இழுத்துக்கொண்டே பங்கு பிரிக்கும் முறையை விளக்குகிறவர் வேறு ஆள். இரண்டு பேருக்கும் 'வாயில்' என்றால் பிள்ளைகள் தடுமாறுவார்கள்தான். என்றாலும் அகத்திணை படித்த பிள்ளைகளுக்கு அது விளங்கும் என்றே இன்னும் நினைக்கிறேன்.

சரி, பெரும்பாலானோர் 'சொல்லித்தருநர்' போதும் என்கிறீர்கள். நீளம் அதிகம், ஓசையும் இல்லை. ஆனால் யாரையும் நோகடிக்காது, கேட்டவுடன் விளங்கும். அதையே போடுகிறேன். 'வாயிலோர்' அடிக்குறிப்பில் வரும். பரீட்சைத் தாளில் 'தகவலாளி' வரக்கூடும் என்பதால் அதைச் சொல்லடைவில் சேர்க்கிறேன். மறுப்பவர்கள் ஞாயிறு இரவுக்குள் எழுதுங்கள்.