ரியாக்டுக்கு மாற்றியபின் முன்பதிவுப் பக்கத்தை என்விடிஏ வாசிப்பதில்லை

கோத்தகிரி_தளம்:
இங்கே ஒரு ஹோம்ஸ்டேயின் முன்பதிவுத் தளத்தைப் பிஎச்பியிலிருந்து ரியாக்டுக்கு (பிரவுசரிலேயே திரையை மாற்றும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகம்) மாற்றியிருக்கிறோம். பார்வையற்ற விருந்தினர்கள் திரையைக் குரலில் வாசிக்கும் மென்பொருள்களான என்விடிஏ (விண்டோஸ் கணினியில்), டாக்பேக் (ஆண்ட்ராய்டு போனில்) வைத்துப் பதிவு செய்பவர்கள். இப்போது 'அறை தேர்வு' அழுத்தினால் அடுத்த திரை வருகிறது, குரல் வருவதில்லை. தமிழ் எழுத்துகளையும் சரியாகப் படிக்கவில்லை. எங்கே கை வைக்கலாம்?

குன்னூர்_கோடர்:
பழைய தளத்தில் ஒவ்வொரு கிளிக்குக்கும் முழுப் பக்கமும் புதிதாக இறங்கும். என்விடிஏ தானாகவே தலைப்பிலிருந்து வாசிக்கத் தொடங்கும். ரியாக்டில் பக்கம் அப்படியே இருக்க, உள்ளே இருப்பது மட்டும் மாறுகிறது. அழுத்திய பட்டனும் மறைந்துபோவதால் ஃபோகஸ் (கீபோர்டு இப்போது நிற்கும் இடம்) அந்தரத்தில் நிற்கிறது. பிரவுசர் சும்மா செய்துகொடுத்த வேலையை இனி நீங்கள்தான் செய்யவேண்டும்: ரூட் (திரைக்கான முகவரி) மாறியதும் டாக்குமெண்ட் டைட்டிலை மாற்றுங்கள், புதிய திரையின் முதன்மைத் தலைப்பான எச்1-க்கு டேப்இண்டெக்ஸ் -1 (கோடால் மட்டும் ஃபோகஸ் கொடுக்க) கொடுத்து ஃபோகஸை அங்கே கொண்டுபோங்கள். இந்தக் கோடை யூஸ்எஃபெக்டுக்குள் (திரை மாறியபின் ஓடும் ரியாக்ட் பகுதி) வையுங்கள், தலைப்பு திரைக்கு வரும் முன் கூப்பிட்டால் பலனில்லை.

மலையில் சிக்னல் இழுக்கும். சுழலும் வட்டத்தைப் பார்க்க முடியாதவருக்கு 'அறைகளைத் தேடுகிறது' என்று குரலில் சொல்ல ஏரியா-லைவ் (aria-live, மாறும் எழுத்தை வாசிக்கச் சொல்லும் குறிப்பு) 'பொலைட்' உள்ள ஒரு டிவ் (பெட்டி) வேண்டும். அந்த டிவ் முதலிலேயே காலியாகப் பக்கத்தில் இருக்கட்டும், எழுத்தைப் பிறகு போடுங்கள். இரண்டையும் ஒன்றாகச் செருகினால் பல நேரம் வாசிக்காது. பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான்.

தமிழ்க்குரல்:
எச்டிஎம்எல் டேகில் லேங் (lang, பக்கத்தின் மொழிக் குறி) என்ன என்று பாருங்கள். வீட் (ரியாக்ட் திட்டத்தைத் தொடங்க உதவும் கருவி) டெம்ப்ளேட் என்றால் 'இஎன்' (en) என்றே கிடக்கும், ஆங்கிலக் குரல்தான் பேசும். 'டிஏ' (ta) ஆக்குங்கள், மொழி மாற்றும் பட்டன் இருந்தால் லேங்கும் கூடவே மாறவேண்டும். என்விடிஏவோடு வரும் ஈஸ்பீக் பேச்சு மென்பொருளில் தமிழ்க் குரல் உண்டு. கட்டணப் பட்டியல் பாமினி எழுத்துருவில் (ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வடிவம் காட்டும் பழைய முறை) இருந்தால் யூனிகோடாக மாற்றியே ஆகவேண்டும், இல்லாவிட்டால் உளறலாகத்தான் கேட்கும்.

ஊட்டி_யுஎக்ஸ்:
டிவ்களால் கட்டிய காலண்டர் இருந்தால் தூக்கிவிட்டு இன்புட் டைப் 'டேட்' போடுங்கள். ஓடிபி பெட்டியில் பேஸ்ட்டைத் தடுக்காதீர்கள். எஸ்எம்எஸ் தாமதமாகும் ஊரில் நேர வரம்பைத் தாராளமாக வையுங்கள். 2023-இல் வந்த டபிள்யூசிஏஜி 2.2 (இணைய அணுகல் வழிகாட்டி) ஏஏ நிலைப்படி பட்டன் குறைந்தது 24×24 சிஎஸ்எஸ் பிக்சல். முகப்பில் மூடுபனிப் படத்தின்மேல் வெள்ளை எழுத்து வேண்டவே வேண்டாம்: சாதாரண எழுத்துக்கு பின்னணியோடு 4.5:1 ஒளி வேறுபாடு தேவை, பனியின்மேல் அது கிடைக்காது.

கோத்தகிரி_தளம்:
நன்றி. சோதிப்பது எப்படி?

குன்னூர்_கோடர்:
மவுஸைக் கழற்றுங்கள், திரையை அணையுங்கள். என்விடிஏவில் எச் (H) விசை தலைப்புகளுக்கும் பி (B) விசை பட்டன்களுக்கும் தாவும். பிறகு குரோம் டெவ்டூல்ஸில் நெட்வொர்க் வேகத்தைக் குறைத்துக்கொண்டு, தேதி போடுவதிலிருந்து பணம் கட்டுவதுவரை ஒருமுறை போய்ப் பாருங்கள். போனிலும் டாக்பேக்கோடு இதையே செய்யுங்கள். என்விடிஏவில் ஓடுவது அங்கே ஓடும் என்று நம்பி விடாதீர்கள்.