பாறசாலை அருகே பைக் விபத்து: பால்வெட்டுத் தொழிலாளியான அண்ணனுக்கு இழப்பீடு எங்கே, எப்படிக் கேட்பது?

கேள்வி – அருமனை இளையவன்

அனைவருக்கும் வணக்கம். என் அண்ணன் அருமனை பக்கத்தில் ரப்பர் தோட்டங்களில் பால்வெட்டுத் தொழில் செய்து வந்தவர். வயது 38. உதியன்குளங்கரையில் உறவினர் வீட்டுத் திருமணத்துக்குப் போய்விட்டுப் பைக்கில் திரும்பும்போது, பாறசாலைக்கு அருகே கிளைச்சாலையிலிருந்து நிற்காமல் நெடுஞ்சாலையில் ஏறிய கார் மோதி, வலது முழங்காலுக்குக் கீழே இரண்டு இடங்களில் எலும்பு முறிந்துவிட்டது. திருவனந்தபுரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்து கம்பி வைத்திருக்கிறார்கள். விபத்து நடந்து நான்கு மாதம் முடியப் போகிறது. ஊன்றுகோலுடன் வீட்டுக்குள் நடக்கிறார் என்றாலும், குத்தவைத்து உட்காரவோ சரிவில் இறங்கவோ அவரால் முடியவில்லை. மயினியின் முந்திரி ஆலைக் கூலியில்தான் இப்போது வீடு நடக்கிறது.

நாங்கள் மருத்துவமனையில் அலைந்துகொண்டிருந்த நேரத்தில் கார் ஓட்டியவர் முதலில் காவல் நிலையம் போய்விட்டார். பைக்தான் வேகமாக வந்து மோதியது என்று முதல் தகவல் அறிக்கை பதிவாகியிருக்கிறது. அது மலையாளத்தில் இருப்பதால், எங்களுக்குப் பேச்சு புரிந்தாலும் எழுத்தை வாசிக்க இன்னொருவர் வேண்டியிருக்கிறது. அண்ணன் தலைக்கவசம் அணிந்திருந்தார். ஆனால் அவருடைய ஓட்டுநர் உரிமம் காலாவதியாகி, புதுப்பிக்காமல் இருந்தது. கார் காப்பீட்டு நிறுவனத்தின் சார்பில் வந்ததாகச் சொன்ன ஒருவர், ஒன்றரை இலட்சம் தருவதாகவும் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் போதும் என்றும் சொல்லிவிட்டுப் போனார். மருத்துவமனை வாசலில் அறிமுகமான வேறொருவர், கிடைக்கும் தொகையில் முப்பது சதவீதம் கொடுத்தால் எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். வழக்கைக் கேரளாவில்தான் போட வேண்டுமா? உரிமம் இல்லாததால் எதுவுமே கிடைக்காது என்பது உண்மையா?

பதில் – குழித்துறை வழக்கறிஞர்

தம்பி, உங்களிடம் மீதமிருப்பது இரண்டு மாதம் என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 166(3) பிரிவின்படி, விபத்து நடந்த ஆறு மாதங்களுக்குள் இழப்பீட்டு மனுவைத் தாக்கல் செய்ய வேண்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின் இந்தப் பகுதி 1.4.2022 முதல் நடைமுறையில் இருக்கிறது. இந்த வரம்பை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கின்றன என்றாலும், அதை நம்பிக் காத்திருப்பது தேவையில்லாத சூதாட்டம். சிகிச்சை முடியவில்லை, ஊனச் சான்று வரவில்லை என்பதெல்லாம் மனு போடத் தடையல்ல. அவற்றை விசாரணையின்போது கொடுத்துக்கொள்ளலாம்.

வழக்கைக் கேரளாவில்தான் போட வேண்டும் என்பதில்லை. விபத்து நடந்த இடம், மனுதாரர் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் இடம், எதிர்மனுதாரர் வசிக்கும் இடம் ஆகியவற்றில் எந்த எல்லைக்குரிய மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலும் மனு போடச் சட்டம் இடம் தருகிறது. அருமனை விளவங்கோடு வட்டம் என்பதால் அந்தத் தீர்ப்பாயமாகவும் இயங்கும் குழித்துறை சார்பு நீதிமன்றத்திலேயே போடலாம். ஆனால் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். 2022ஆம் ஆண்டு விதிகளின்படி, விசாரணை அதிகாரி விபத்து நடந்த 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கையையும் 90 நாட்களில் விரிவான விபத்து அறிக்கையையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். பாறசாலைக் காவல் நிலையம் அதை அங்குள்ள தீர்ப்பாயத்துக்கு அனுப்பி, அது ஏற்கெனவே மனுவாகப் பதிவாகியிருந்தால், இங்கே போடும் மனுவில் அதைக் குறிப்பிட்டாக வேண்டும். ஒரே விபத்துக்கு இரண்டு இடங்களில் மனு நடப்பது பின்னால் தலைவலியாகும்.

முதல் தகவல் அறிக்கை உங்களுக்கு எதிராக இருப்பது பின்னடைவுதான், ஆனால் வழக்கின் முடிவல்ல. அது புகாரின் பதிவு மட்டுமே. தீர்ப்பாயம் குற்றவியல் வழக்கைப் போல ஐயத்துக்கு இடமில்லாத நிரூபணம் கேட்பதில்லை. எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்க்கிறது. இருந்தாலும் விசாரணை முடிந்து காவல்துறை தரும் இறுதி அறிக்கையும் அண்ணனுக்கு எதிராகவே வந்துவிட்டால் அதைப் புரட்டுவது பெரும்பாடு. ஆகவே, நடந்ததை அண்ணனின் வாக்குமூலமாக எழுதி, விசாரணை அதிகாரிக்கும் திருவனந்தபுரம் ஊரகக் காவல் கண்காணிப்பாளருக்கும் விரைவுத் தபாலில் இந்த வாரமே அனுப்புங்கள்; அனுப்பியதற்கும் சேர்ந்ததற்குமான சான்றுகளைப் பத்திரப்படுத்துங்கள். இடத்து மகஜர் (விபத்து நடந்த இடத்தைப் பார்த்துக் காவல்துறை எழுதும் பதிவு), மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை ஆகிய இரண்டின் நகல்களையும் வாங்குங்கள். காரின் எந்தப் பக்கம் நசுங்கியது, பைக் சாலையின் எந்த ஓரத்தில் கிடந்தது என்பதெல்லாம் அவற்றில்தான் இருக்கும். கிளைச்சாலையிலிருந்து ஏறியவர் யார் என்பதை அந்த அளவுகளே பல நேரங்களில் சொல்லிவிடும். மலையாள ஆவணங்களுக்குச் சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்பு இணைக்க வேண்டும். எல்லையோரம் என்பதால் எங்கள் நீதிமன்றத்தில் இது வழக்கமான வேலைதான்.

உரிமம் காலாவதியானதற்குக் காவல்துறை அபராதம் விதிக்கலாம். ஆனால் உரிமம் இல்லை என்பதாலேயே விபத்தில் அவருக்கும் பங்கு உண்டு என்று முடிவு செய்ய முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2008இல் சுதீர் குமார் ராணா வழக்கில் சொல்லிவிட்டது. அவர் ஓட்டிய விதத்தில் தவறு இருந்ததா என்பதுதான் கேள்வி. அப்படி ஒரு பங்கு இருப்பதாகத் தீர்ப்பாயம் கருதினாலும், அந்தச் சதவீதம் மட்டுமே கழியும், மனு தள்ளுபடியாகாது.

யார் தவறு என்பதை நிரூபிக்கத் தேவையே இல்லாத 164ஆம் பிரிவும் இருக்கிறது. கொடுங்காயத்துக்கு 2,50,000 ரூபாய் என்று அதில் தொகை நிலையாக வைக்கப்பட்டிருக்கிறது. எலும்பு முறிவு கொடுங்காயத்தில் சேரும். ஆனால் அந்த வழியில் தொகை பெற்றால் 166ஆம் பிரிவில் கேட்பதை விட்டுவிட வேண்டும். காவல்துறையின் பதிவுகள் முழுக்க எதிராகப் போனால் ஒதுங்கிக்கொள்ள அது ஒரு திண்ணை. இப்போதே அங்கே போய் உட்கார வேண்டாம் என்பது என் கருத்து.

இனி தொகைக்கு வருகிறேன். உங்கள் அண்ணன் வழக்கில் மருத்துவச் செலவைவிட, இழந்த சம்பாதிக்கும் திறன்தான் பெரிய தலைப்பு. காலுக்கு எத்தனை சதவீத ஊனம் என்று மருத்துவர் எழுதுவது வேறு, அந்த ஊனம் அவருடைய தொழிலை எவ்வளவு பறித்தது என்பது வேறு. இரண்டையும் தனித்தனியே பார்க்க வேண்டும் என்று 2010இல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஒரு கையை இழந்த தச்சரும் ஒரு கையை இழந்த எழுத்தரும் ஒரே அளவு இழப்பை அடைவதில்லை என்பது அந்தத் தீர்ப்பு விளக்கும் வகை.

கணக்கு எப்படிப் போகும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. மாத வருமானம் 15,000 ரூபாய் என்று தீர்ப்பாயம் ஏற்றுக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். 40 வயதுக்குக் கீழ் என்பதால் எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்து 21,000, ஆண்டுக்கு 2,52,000. 36 முதல் 40 வயது வரை பெருக்கு எண் (ஆண்டு வருமானத்தை எத்தனையால் பெருக்குவது என்பது) 15, ஆக 37,80,000. சம்பாதிக்கும் திறனில் இழப்பு 20 சதவீதம் என்றால் 7,56,000 ரூபாய், 40 சதவீதம் என்றால் 15,12,000 ரூபாய். இதற்கு மேல் மருத்துவச் செலவு, வலிக்கும் வேதனைக்கும், உடனிருந்து கவனித்தவருக்கு, போக்குவரத்துக்கு, சத்துணவுக்கு, பின்னால் கம்பி எடுக்கும் அறுவை சிகிச்சைக்கு என்று தனித்தனித் தலைப்புகள் உண்டு. அந்த ஒன்றரை இலட்சத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கையெழுத்து எதுவும் போட வேண்டாம். காப்பீட்டு நிறுவனம் சமரசத் தொகை தருவதானால், 149ஆம் பிரிவின்படி தீர்ப்பாயத்தின் முன் அதை முன்வைத்து, மனுதாரர் சம்மதத்தைத் தீர்ப்பாயம் பதிவு செய்ய வேண்டும். வீட்டுத் திண்ணையில் வாங்கும் தாளுக்கு அங்கே வேலையில்லை. முப்பது சதவீதக்காரரைப் பற்றி: வழக்கின் பலனில் பங்கு கேட்டு வழக்கு நடத்துவதை இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் நடத்தை விதிகள் வழக்கறிஞர்களுக்கே தடை செய்திருக்கும்போது, இடைத்தரகருக்கு அந்த உரிமை எங்கிருந்து வந்தது? கட்டணத்தை முதலிலேயே பேசி எழுதிக்கொள்ளுங்கள். வெற்று வக்காலத்திலும் (வழக்கறிஞருக்கு வழக்கு நடத்த அதிகாரம் தரும் தாள்) வெற்றுக் காசோலையிலும் கையெழுத்து வேண்டாம். வசதி இல்லையென்றால் நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணிலும் பேசலாம். பட்டியல் சாதியினர், பெண்கள், மாற்றுத்திறனாளிகள், வருமான வரம்புக்குள் வருபவர்கள் ஆகியோருக்கு இலவசமாக வழக்கறிஞர் அமர்த்துவார்கள்.

பதில் – திருவட்டாறு வாசகி

என் கணவர் கொத்தனார். அவருடைய விபத்து வழக்கு பத்மநாபபுரத்தில் நடந்தது என்பதால், வழக்கறிஞர் ஐயா சொன்ன ‘தொழில் வேறு, சதவீதம் வேறு’ என்பதைக் கண்ணால் பார்த்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மருத்துவக் குழு பரிசோதித்தபோது, மருத்துவர் கீல் வைத்த ஒரு கோணமானியை முட்டின் பக்கவாட்டில் வைத்து, கால் எத்தனை பாகை மடங்குகிறது என்று அளந்தார். பிறகு குத்தவைத்து உட்காரச் சொன்னார். என் கணவர் வீம்புக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்காரப் பார்த்தார். இப்படிச் செய்ய வேண்டாம் என்று உங்கள் அண்ணனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நடிக்கவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். எந்த இடத்தில் வலி தொடங்குகிறதோ அந்த இடத்தில் நிறுத்திவிட்டுச் சொன்னால் போதும். எலும்பு கூடிய பிறகு எடுக்கும் சான்றுக்குத்தான் மதிப்பு என்பதால் அவசரப்பட்டும் போக வேண்டாம்.

மருந்துக்கடைச் சீட்டுகள் சூட்டில் அச்சாகும் தாளில் வருகின்றன. சில மாதங்களில் வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். இன்றே நகல் எடுத்து, மூலத்தையும் அதோடு சேர்த்து வையுங்கள். ஒவ்வொரு சீட்டிலும் நோயாளியின் பெயரும் தேதியும் இருக்க வேண்டும். திருவனந்தபுரம் போய்வந்த வாடகைக் காருக்கு ஓட்டுநரிடம் ரசீது வாங்குங்கள். உங்கள் மயினி வேலைக்குப் போகாமல் உடனிருந்த நாட்களுக்கு, ஆலையில் விடுப்புக் கணக்கை எழுதி வாங்குங்கள். சொந்த மனைவி கவனித்ததற்குப் பணமா என்று எங்களிடமும் சிலர் சிரித்தார்கள். தீர்ப்பாயம் சிரிக்கவில்லை, அந்தத் தலைப்பில் தொகை கொடுத்தது.

பதில் – ஓய்வுபெற்ற காப்பீட்டு ஊழியர்

எதிர்த்தரப்பு நாற்காலியில் பல காலம் இருந்தவன் என்பதால் ஒரு மாற்றுக் கருத்து. சமரசம் என்றாலே ஏமாற்று என்று எண்ண வேண்டாம். மனு தாக்கலாகி, ஊனச் சான்றும் வந்த பிறகு மக்கள் நீதிமன்றத்தில் (லோக் அதாலத்) பேசி முடிப்பது பல குடும்பங்களுக்கு நல்லது. ஆண்டுக்கணக்கில் அலைய வேண்டியதில்லை, செலுத்திய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். ஆனால் அங்கே முடிந்ததற்கு மேல்முறையீடு கிடையாது என்பதை நினைவில் வைத்து, குறைந்தபட்சம் எந்தத் தொகைக்குச் சம்மதிப்பது என்று வழக்கறிஞரோடு முன்பே உட்கார்ந்து கணக்குப் போட்டுவிட்டுப் போங்கள். விசாரித்துத் தரப்படும் தீர்ப்பு குறைவாக இருந்தால், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் 90 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். காரின் பதிவு எண்ணை எம்பரிவாஹன் செயலியில் போட்டு, விபத்து நாளில் காப்பீடு நடப்பில் இருந்ததா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

மீண்டும் அருமனை இளையவன்

அனைவருக்கும் நன்றி. காருக்குக் காப்பீடு நடப்பில் இருக்கிறது. வாக்குமூலத்தை எழுதிக்கொண்டிருக்கிறோம். ஒரு சிக்கல் மட்டும் மிச்சம். அண்ணன் மூன்று பேருடைய தோட்டங்களில் மரக்கணக்கில் கூலிக்கு வெட்டியவர். கூலி கையில் கொடுக்கப்பட்டது. பெரிய தோட்டத்துக்காரரிடம் வருமானச் சான்று கேட்டபோது, பின்னால் தனக்கு ஏதேனும் தொல்லை வருமோ என்று தயங்குகிறார். சான்று இல்லாமல் வருமானத்தை எப்படிக் காட்டுவது?

பதில் – குழித்துறை வழக்கறிஞர்

அவரை வற்புறுத்திப் பகைத்துக்கொள்ள வேண்டாம். வெறும் சான்றுக் கடிதத்துக்கு, எழுதியவரே சாட்சிக் கூண்டில் ஏறி ஆம் என்று சொல்லாவிட்டால் பெரிய மதிப்பு இல்லை. மற்ற இரண்டு தோட்டக்காரர்களில் சிறியவர் ஒருவர் வர முன்வந்தால் அவர் போதும். அண்ணனோடு அதே மலையில் வெட்டிய சக தொழிலாளி ஒருவரைச் சாட்சியாக விசாரிக்கலாம்; எத்தனை மரம், ஒரு மரத்துக்கு என்ன கூலி, மழைக்காலத்தில் எத்தனை நாள் வெட்டு நிற்கும் என்பதை அவரைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரிய அட்டை இருந்தால் அதை இணையுங்கள். தொழில் இதுதான் என்பதற்கு அரசு ஆவணம் அது. ஒட்டுப்பால் (மரத்தில் உறைந்து ஒட்டிய ரப்பர்) விற்ற கடையின் சீட்டு, மகளிர் குழுக் கடனைக் கட்டிய பாஸ்புத்தகம் ஆகியவையும் மாதாமாதம் வீட்டுக்குப் பணம் வந்ததைக் காட்டும். இவை எதுவுமே இல்லாவிட்டாலும், அந்தக் காலத்துக் கூலி நிலவரத்தைப் பார்த்துத் தீர்ப்பாயம் தானே ஒரு வருமானத்தை நிர்ணயிக்கும். அது பெரும்பாலும் உண்மையைவிடக் குறைவாக இருக்கும் என்பதால்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

இன்னொன்று. அண்ணனின் வாக்குமூலத்தில் வேலையின் தன்மையை விவரமாக எழுதுங்கள்: விடியுமுன் தலைவிளக்குக் கட்டிக்கொண்டு சரிவில் ஏறுவது, தாழ்ந்த வெட்டுக்கு ஒவ்வொரு மரத்தின் முன்பும் குத்தவைப்பது, பால் நிறைந்த வாளிகளை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு இறங்குவது. தீர்ப்பாயத்தில் இருப்பவர் வேறு மாவட்டத்திலிருந்து மாற்றலாகி வந்தவராக இருக்கலாம். ரப்பர் மரத்தில் எந்த உயரத்தில் வெட்டுவார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. ஆவணங்களோடு வரும் திங்கட்கிழமை அண்ணனையும் அழைத்துக்கொண்டு யாராவது ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். மனுவில் அவருடைய கையெழுத்துதான் வேண்டும்.