சமநிலையில் வினை நின்றுவிடுகிறதா? அழுத்தினால் பழுப்பு நிறம் கூடுவது ஏன்?

கேள்வி – சோதனைக்குழாய்

வணக்கம். என் மகள் 11-ஆம் வகுப்பில் வேதிச்சமநிலைப் பாடத்தைப் படித்துக்கொண்டிருக்கிறாள். நான் வணிகவியல் படித்தவன் என்பதால் அவள் கேட்ட இரண்டு கேள்விகளுக்கு என்னால் விடை சொல்ல இயலவில்லை.

முதலாவது, சமநிலையை அடைந்த பின்னரும் முன்னோக்கு வினையும் பின்னோக்கு வினையும் சம வேகத்தில் நடந்துகொண்டே இருக்கின்றன என்று பாடத்தில் உள்ளது. செறிவு, நிறம், அழுத்தம் ஆகிய எதுவுமே மாறாதபோது, உள்ளே வினை நடக்கிறது என்பதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? "வினை பாதி வழியிலேயே நின்றுவிட்டது" என்று ஒருவர் வாதிட்டால் அவரை எப்படி மறுப்பது?

இரண்டாவது, பழுப்பு நிறமுள்ள நைட்ரஜன் டைஆக்சைடின் இரண்டு மூலக்கூறுகள் இணைந்து நிறமற்ற டைநைட்ரஜன் டெட்ராக்சைடு உண்டாகிறது. அழுத்தத்தை உயர்த்தினால் மூலக்கூறுகளின் எண்ணிக்கை குறையும் பக்கத்துக்குச் சமநிலை நகரும், ஆகவே பழுப்பு நிறம் மங்கும் என்று வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அவள் பார்த்த காணொளியில், சிரிஞ்சை அழுத்தியவுடன் நிறம் அடர்ந்து, பிறகு சற்றே வெளிறி, இறுதியில் தொடக்க நிலையைவிட அடர்த்தியாகவே நின்றது. வகுப்பில் இதற்கு அடிப்படையாகச் சொன்ன லீ சாட்லியர் தத்துவம் தவறா, காணொளி தவறா?

மறுமொழி 1 – ஓய்வுபெற்ற ஆசிரியர்

உங்கள் மகளின் முதல் கேள்வி, பல மாணவர்கள் கேட்காமலே கடந்து செல்லும் நல்ல கேள்வி. அதற்கு மட்டும் நான் விடை எழுதுகிறேன். வாயுக் கணக்கை இங்குள்ள வேறு யாராவது எழுதட்டும்.

வினை நின்றுவிட்டது என்பவரிடம் முதலில் ஹைட்ரஜன் அயோடைடைக் காட்டலாம். ஜெர்மன் வேதியியலாளர் மாக்ஸ் போடன்ஸ்டைன் 1890-களில் ஹைட்ரஜனையும் அயோடினையும் மூடிய கண்ணாடிக் குமிழ்களில் வைத்துச் சூடாக்கி, பின்னர் விரைவாகக் குளிரவைத்து, உள்ளே எது எவ்வளவு இருக்கிறது என்று அளந்தார். ஏறத்தாழ 425 டிகிரி செல்சியஸில் இந்த வினையின் சமநிலை மாறிலி, அதாவது சமநிலையில் ஹைட்ரஜன் அயோடைடின் செறிவின் வர்க்கத்தை மற்ற இரண்டின் செறிவுகளின் பெருக்கத்தால் வகுத்தால் கிடைக்கும் எண், சுமார் 54. அதன்படி 1 மோல் ஹைட்ரஜனையும் 1 மோல் அயோடினையும் எடுத்துக்கொண்டால், இறுதியில் ஹைட்ரஜன் அயோடைடு ஏறத்தாழ 1.57 மோலும், மற்ற இரண்டும் தலா 0.21 மோலும் இருக்கும். அதற்கு மாறாக, 2 மோல் தூய ஹைட்ரஜன் அயோடைடை மட்டும் அதே குமிழில் அடைத்து அதே வெப்பநிலையில் வைத்தாலும், அது சிதைந்து வந்து நிற்பது இதே 1.57, 0.21, 0.21 என்னும் அளவுகளில்தான். எதிரெதிர்த் திசைகளிலிருந்து புறப்பட்ட இரண்டு வினைகள், களைத்துப்போய் ஒரே இடத்தில் தற்செயலாக நின்றன என்று சொல்வது கடினம். இந்த எண்களில் இன்னொன்றையும் மகளிடம் காட்டுங்கள்: சமநிலையில் வேகங்கள்தான் சமமாகின்றன, அளவுகள் சமமாவதில்லை. தேர்வுத்தாள்களில் நான் ஆண்டுதோறும் கண்ட பிழை இது.

ஆயினும் பிடிவாதக்காரர் ஒருவர், "சரி, ஒரே இடத்துக்கு வந்தன, வந்தபின் நின்றுவிட்டன" என்று சொல்லக்கூடும். அவருக்கான விடை கதிரியக்க அணுக்களில் இருக்கிறது. லெட் அயோடைடின் தெவிட்டிய கரைசல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் இனி ஒரு துளியும் கூடுதலாகக் கரையாது. அதில் கதிரியக்க அயோடின் கலந்த லெட் அயோடைடுத் திண்மத்தைப் போட்டுச் சில காலம் வைத்திருந்து, பின் வடிகட்டினால், வடிநீரில் கதிரியக்கம் இருக்கும். கரைசலின் செறிவு சிறிதும் மாறவில்லை; ஆயினும் திண்மத்தில் இருந்த அயோடைடு அயனிகள் கரைசலுக்குள் வந்துள்ளன. செறிவு கூடாமல் அவை உள்ளே வந்திருக்க வேண்டுமானால், அதே எண்ணிக்கையில் வேறு அயனிகள் கரைசலிலிருந்து திண்மத்தில் படிந்திருக்க வேண்டும். இது கரைதல் சமநிலைதான் என்றாலும், வாயு வினைகளிலும் இதே உத்தி பயன்படுகிறது. சமநிலையில் உள்ள அம்மோனியாக் கலவையில் சாதாரண ஹைட்ரஜனுக்குப் பதிலாக அதே அளவு டியூட்டீரியத்தை (எடை கூடிய ஹைட்ரஜனை) சேர்த்தால், பின்னர் நிறைநிரலில் (மூலக்கூறுகளை எடைவாரியாகப் பிரித்துக் காட்டும் அளவீட்டில்) இரண்டு வகை ஹைட்ரஜனும் கலந்த அம்மோனியா மூலக்கூறுகள் தென்படும்.

மறுமொழி 2 – குடுவை

இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். காணொளியும் சரி, தத்துவமும் சரி. "நிறம் மங்கும்" என்ற சுருக்கத்தில்தான் ஒரு பகுதி விடுபட்டுவிட்டது. எதை ஒப்பிட்டு மங்குகிறது என்று சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

எண்களைப் போட்டுப் பார்ப்பதே நல்லது. டெட்ராக்சைடு பிரிந்து டைஆக்சைடாகும் வினைக்கு 25 டிகிரி செல்சியஸில் சமநிலை மாறிலி, பார் அலகில் (1 பார் என்பது ஏறத்தாழ வளிமண்டல அழுத்தம்) அழுத்தங்களை எழுதினால், ஏறத்தாழ 0.15. அதாவது, டைஆக்சைடின் பகுதி அழுத்தத்தின் (கலவையில் அந்த வாயு மட்டும் தரும் அழுத்தத்தின்) வர்க்கத்தை டெட்ராக்சைடின் பகுதி அழுத்தத்தால் வகுத்தால் 0.15 வர வேண்டும். சிரிஞ்சில் இவ்விரண்டு வாயுக்களும் சேர்ந்து 0.50 பார் அழுத்தம் தருவதாகவும், மீதி காற்று எனவும் கொள்வோம். (முழு 1 பார் அளவுக்குத் தூய வாயுவை எடுத்து அழுத்தினால், 21 டிகிரியிலேயே கொதிக்கும் டெட்ராக்சைடு திரவமாகத் தொடங்கிக் கணக்கைக் கெடுத்துவிடும்.) அப்போது டைஆக்சைடு 0.21 பார், டெட்ராக்சைடு 0.29 பார்.

இப்போது கன அளவைச் சட்டென்று பாதியாக்குங்கள். வினை எதுவும் நடப்பதற்கு முன், இரண்டின் அழுத்தமும் இரட்டிப்பாகிறது: 0.42, 0.58. இந்தக் கணத்தில் அதே விகிதத்தைக் கணக்கிட்டால் கிடைப்பதற்கு வினை குணகம் என்று பெயர். மேலே வர்க்கம் இருப்பதால் தொகுதி நான்கு மடங்காகிறது, பகுதி இரண்டு மடங்காகிறது. ஆகவே வினை குணகம் 0.15-இலிருந்து 0.30 ஆகிவிட்டது. அது மாறிலியைவிடப் பெரிதாக இருப்பதால், டைஆக்சைடு மூலக்கூறுகள் இணையும் வேகம் டெட்ராக்சைடு பிரியும் வேகத்தை மிஞ்சுகிறது. விகிதம் மீண்டும் 0.15 ஆகும்வரை இது நீடிக்கும். சமன்பாட்டைத் தீர்த்தால் டைஆக்சைடு 0.31 பாரிலும் டெட்ராக்சைடு 0.64 பாரிலும் நிற்கின்றன.

டைஆக்சைடு 0.21-இலிருந்து 0.42-க்கு ஏறி, 0.31-க்கு இறங்கியது. உங்கள் மகள் கண்டதும் இதே வரிசைதான்: அடர்ந்தது, சற்று வெளிறியது, ஆனால் தொடக்கத்தைவிட அடர்த்தியாக நின்றது. அழுத்தத்தையும் பாருங்கள்: 0.50, 1.00, பிறகு 0.95. மாற்றத்தின் விளைவைச் சமநிலை குறைக்கும் என்பதுதான் லீ சாட்லியர் 1884-இல் வெளியிட்ட தத்துவத்தின் சாரம். முழுவதுமாக நீக்கிவிடும் என்று அவர் சொல்லவில்லை.

சிரிஞ்சைப் பக்கவாட்டில் பார்ப்பதா, அதன் நீளத்தின் வழியே முனையிலிருந்து பார்ப்பதா என்பதும் முக்கியம். பக்கவாட்டில் பார்த்தால் ஒளி கடக்கும் தூரம் மாறுவதில்லை. ஆகவே செறிவு கூடியதால் நிறம் கூடுகிறது. நீளவாக்கில் பார்த்தாலோ அந்தத் தூரம் பாதியாகிவிடுகிறது, 0.31-இன் பாதி 0.21-ஐவிடக் குறைவு, ஆகவே இறுதி நிறம் தொடக்கத்தைவிட மங்கலாகவே தெரியும். பார்வையின் வழியில் உள்ள பழுப்பு மூலக்கூறுகளின் மொத்த எண்ணிக்கை உண்மையில் குறைந்திருப்பதை அது நேரடியாகக் காட்டுகிறது.

இந்த வாயு கடும் நச்சுத்தன்மை உடையது. நுரையீரல் பாதிப்பு சில மணி நேரம் கழித்துக்கூடத் தெரியவரலாம். எனவே வீட்டில் செய்து பார்க்க வேண்டாம்.

மறுமொழி 3 – வெப்பமானி

மேலே உள்ள கணக்குடன் எனக்கு முரண்பாடில்லை. ஆனால் கண்ணால் கண்ட வெளிறலை முழுவதும் அந்தக் கணக்கின் பெயரில் எழுதுவதில் ஒரு சிக்கல் உண்டு. இந்த வினை மிக மிக விரைவானது. நொடியின் மிகச் சிறிய பின்னத்துக்குள் சமநிலைக்கு வந்துவிடும். சிரிஞ்சை அழுத்தும் கை அவ்வளவு வேகமாக நகர முடியாது. ஆகவே 0.42 என்னும் உச்சத்தை மனிதக் கண் ஒருபோதும் காண்பதில்லை.

பிறகு ஓரிரு நொடிகளில் நிறம் வெளிறுவதாகத் தெரிவது ஏன்? வாயுவை விரைந்து அழுத்தினால் அது சூடாகும். இரண்டு டைஆக்சைடு மூலக்கூறுகள் இணையும்போதும், ஒரு மோல் டெட்ராக்சைடுக்குச் சுமார் 57 கிலோஜூல் வீதம், வெப்பம் வெளிப்படுகிறது. சூடான வாயுவில் சமநிலை பழுப்பு நிறத்தின் பக்கம் இருக்கும். அந்த வெப்பம் சிரிஞ்சின் சுவர் வழியே வெளியேற ஓரிரு நொடிகள் ஆகின்றன. அது வெளியேற வெளியேற நிறம் மங்குகிறது. காணொளியில் தெரிவது பெரும்பாலும் இந்தக் குளிர்ச்சிதான். தொடக்க நிறத்தையும் இறுதி நிறத்தையும் ஒப்பிடுவதற்கு 0.21, 0.31 என்ற எண்கள் முற்றிலும் பொருந்தும். இடைப்பட்ட நாடகத்துக்குத்தான் வெப்பநிலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கேட்டவர் – சோதனைக்குழாய்

மூவருக்கும் நன்றி. மகள் எண்களைத் தாளில் எழுதிச் சரிபார்த்துவிட்டாள். உடனே அடுத்த ஐயமும் வந்துவிட்டது. சிரிஞ்சில் மீதி காற்று என்று குடுவை எழுதியிருக்கிறார். வினையில் ஈடுபடாத அந்தக் காற்றும் அழுத்தம் தருகிறதே, அது சமநிலையை நகர்த்தாதா? மந்த வாயுவைச் சேர்த்தால் விளைவு இல்லை என்று ஓரிடத்திலும், விளைவு உண்டு என்று வேறோரிடத்திலும் படித்ததாகச் சொல்கிறாள்.

மறுமொழி 4 – அம்மோனியா ஆலை

நான் உர ஆலையில் பணியாற்றுகிறேன். மந்த வாயு எங்களுக்கு அன்றாடத் தலைவலி. அவள் படித்த இரண்டுமே சரிதான். எந்தச் சூழலில் என்பதுதான் வேறுபடுகிறது. கன அளவு மாறாத கலத்தில் ஆர்கானை நுழைத்தால் மொத்த அழுத்தம் ஏறும், ஆனால் வினைபடும் வாயுக்களின் பகுதி அழுத்தங்கள் அப்படியே இருக்கும். வினை குணகம் மாறாததால் எதுவும் நகராது. சிரிஞ்சில் உள்ள காற்றும் அவ்வாறே: அந்தக் கணக்கில் டைஆக்சைடின், டெட்ராக்சைடின் பகுதி அழுத்தங்கள் மட்டுமே இடம்பெற்றதைக் கவனியுங்கள்.

எங்கள் அம்மோனியா உலையில் நிலைமை வேறு. அங்கே மொத்த அழுத்தம்தான் நிலையாக வைக்கப்படுகிறது. நைட்ரஜனைக் காற்றிலிருந்து எடுப்பதால் காற்றில் 1 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவாக உள்ள ஆர்கானும் உடன் வருகிறது. உலை வழியே ஒருமுறை செல்லும் வாயுவில் ஏறத்தாழ 15 விழுக்காடே அம்மோனியாவாக மாறும். அதைக் குளிர்வித்துத் திரவமாகப் பிரித்தபின், எஞ்சிய வாயுவை மீண்டும் உலைக்கே அனுப்புகிறோம். இந்தச் சுழற்சியில் ஆர்கான் சிறிது சிறிதாகச் சேர்ந்து, நைட்ரஜன், ஹைட்ரஜன் ஆகியவற்றின் பகுதி அழுத்தங்களைக் குறைத்துவிடும். சமநிலை அம்மோனியாவுக்கு எதிராக நகரும். ஆகவே வாயுவின் ஒரு பகுதியைத் தொடர்ந்து வெளியேற்றுகிறோம்.

வெப்பநிலையை 400 முதல் 500 டிகிரி வரை வைப்பதும் சமநிலையின் பொருட்டு அன்று. வினை வெப்பம் உமிழ்வது என்பதால் சமநிலை குளிர்ச்சியையே விரும்பும். ஆனால் குளிர்ந்த நிலையில் இரும்பு வினையூக்கி உருப்படியாக வேலை செய்யாது. வினையூக்கி இரு திசைகளின் வேகத்தையும் சம மடங்கில் கூட்டும், மாறிலியைத் தொடாது. 1913-இல் ஜெர்மனியின் ஓப்பாவில் முதல் ஆலை தொடங்கியது முதல் இதே சமரசம்தான்.

உங்கள் மகள் ஆர்வமுள்ளவள் என்பதால் ஒரு புதிர். வெப்பநிலையும் மொத்த அழுத்தமும் நிலையாக உள்ள சமநிலைக் கலவையில் 4 மோல் நைட்ரஜன், 1 மோல் ஹைட்ரஜன், 1 மோல் அம்மோனியா இருக்கட்டும். மேலும் 2 மோல் நைட்ரஜனைச் சேர்த்தால் அம்மோனியா கூடுமா? வினைபடுபொருளைச் சேர்த்தால் விளைபொருள் கூடும் என்று எல்லோரும் சொல்வார்கள். இங்கே வினை குணகம் என்பது, அம்மோனியாவின் பகுதி அழுத்தத்தின் வர்க்கத்தை, நைட்ரஜனின் பகுதி அழுத்தத்தையும் ஹைட்ரஜனின் பகுதி அழுத்தத்தின் மூன்றாம் அடுக்கையும் பெருக்கி வருவதால் வகுத்தால் கிடைப்பது. மொத்த அழுத்தத்தை 1 அலகாகக் கொண்டு கணக்கிட்டால், சேர்ப்பதற்கு முன் வினை குணகம் 9, சேர்த்தவுடன் 10.67. மாறிலியைவிட அது பெரிதாகிவிட்டதால் அம்மோனியா சிதையும்! கன அளவு விரிந்து ஹைட்ரஜனின் பகுதி அழுத்தம் குறைந்ததே காரணம்; அதற்கு அடுக்கு மூன்று. கலவையில் நைட்ரஜன் பாதிக்கு மேல் இருக்கும்போது மட்டுமே இது நேரும். நைட்ரஜனும் ஹைட்ரஜனும் ஒன்றுக்கு மூன்று என்ற வழக்கமான விகிதத்தில் உள்ள கலவையில் நைட்ரஜனைச் சேர்த்தால் அம்மோனியா கூடவே செய்யும்.

தேர்வில் லீ சாட்லியர் தத்துவத்தைக் கொண்டே விடை எழுதட்டும். கேள்விகள் அதற்கேற்பவே அமைகின்றன. ஐயம் எழும் இடங்களில் மட்டும், ஓரத்தில் பென்சிலால் வினை குணகத்தைக் கணக்கிட்டு மாறிலியுடன் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளட்டும்.