அண்ணா அனுப்பும் நத்தார்க் காசும் அவர் கேட்கும் படங்களும்

வாடைக்காற்று (புதுக்குடியிருப்பு) கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். இது எங்கள் வீட்டு விசயம்தான். ஆனால் வெளிநாட்டில் ஆள் இருக்கிற வன்னி வீடுகள் பலவற்றில் ஏதோ ஒரு விதத்தில் இது இருக்கும் என்று நினைக்கிறேன், அதனால் இங்கே கேட்கிறேன்.

மூத்த அண்ணா கனடாவில். ஒவ்வொரு நத்தாருக்கும் காசு அனுப்புவார். அம்மாவுக்குச் சேலை, பிள்ளைகளுக்கு உடுப்பு, கேக்குக்குச் சாமான், எல்லாம் அதில்தான். இங்கே மார்கழி எப்படி என்று உங்களுக்குத் தெரியும்தானே. காலபோக நெல் வயலில் நிற்கும், வெட்டு தை மாசியில்தான், உரத்துக்கும் மருந்துக்கும் பட்ட கடன் அப்படியே இருக்கும், காதில் கிடந்த தோடு அடகில் இருக்கும். கரையோரத்தில் வாடை பெயர்ந்து கடல் அடிக்கத் தொடங்கினால் சின்னப் படகுகளை இறக்க ஏலாது. வருசத்திலேயே கை வறண்டு கிடக்கிற நேரம் பார்த்துத்தான் எங்கள் பெருநாள் வருகிறது. அண்ணாவின் காசு இல்லாவிட்டால் பிள்ளைகளுக்குப் புது உடுப்பு இல்லை. அதை நான் ஒருநாளும் மறந்ததில்லை.

இந்த முறை கூடுதலாக அனுப்பி, அயலில் கஷ்டப்படுகிற 15 குடும்பங்களுக்கு உலர் உணவுப் பொதி கொடுக்கச் சொல்லியிருக்கிறார். அப்பாவின் நினைவாக. அப்பா முல்லைத்தீவுக் கரையில் சுனாமியில் போனவர், 2004இல், நத்தாருக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கொடுக்கிறதில் எங்களுக்குப் பூரண சம்மதம். ஆனால் ஒவ்வொருவரும் பொதியைக் கையில் வாங்குகிற மாதிரிப் படம் எடுத்து அனுப்ப வேண்டுமாம், பின்னால் அப்பாவின் படம் போட்ட பதாகை கட்ட வேண்டுமாம்.

அம்மா ஏலாது என்று சொல்லிவிட்டா. "அதுகளோட ஒரே லைனில நிண்டு நிவாரணம் வாங்கினவள் நான். இப்ப நான் குடுக்க அதுகள் படத்துக்கு நிக்கிறதோ?" என்று கேட்கிறா.

பட்டியலில் எங்கள் அடுத்த வீட்டு அக்காவின் பெயரும் இருக்கிறது. அவ சைவம். அவவின் மனிசனைப் பற்றி 2009 சண்டைக்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை, தையல் மெசின் ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டு பிள்ளைகளைப் படிப்பிக்கிறா. எங்கள் ஒழுங்கையில் கொக்கிஸ் பலகாரம் சுடுகிற அச்சு இருப்பது அவவிடம் மட்டும்தான். பிடி கழன்று போய் பழைய சீலைத்துண்டு சுற்றிக் கம்பியால் கட்டின அச்சு, எண்ணெயில் ஊறிக் கறுத்துப் போனது. நத்தாருக்கு முதல் கிழமை அது வீடு வீடாகப் போய்வரும். கேட்காமலே மதிலுக்கு மேலால் நீட்டுவா. பொங்கலுக்கு முதல் பொங்கல் எங்கள் வீட்டுக்குத்தான் வரும். அப்படிப்பட்ட மனிசியை எப்படிப் பதாகைக்கு முன்னால் நிற்கச் சொல்வது?

இன்னொன்று. வருசா வருசம் நத்தார் அன்று வீடியோ கோலில் பிள்ளைகள் புது உடுப்போடு வரிசையாக நின்று "நன்றி மாமா" சொல்ல வேண்டும். மூத்தவனுக்குப் பதினாலு வயது. இந்த முறை தான் வர மாட்டேன் என்கிறான். மாமாவில் அவனுக்கு நல்ல விருப்பம், ஆனால் அப்படி நிற்க ஏலாதாம்.

அண்ணாவுக்கு மனம் நோகாமல் இதை எப்படிச் சொல்வது? காசையும் வாங்கிக்கொண்டு புத்தியும் சொல்கிறாள் என்று அவர் நினைத்துவிடக் கூடாது.

—

மடுறோட்டு வாத்தியார் (மன்னார்) பதில்:

தங்கச்சி, உங்கள் அம்மா சொன்னது சரி. மறைக்கல்வி படிப்பித்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தருமம் கொடுக்கும்போது வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரிய வேண்டாம் என்று மத்தேயு 6ஆம் அதிகாரத்தில் இருக்கிறது, வருசம் தவறாமல் திருநீற்றுப் புதன் பூசையில் வாசிக்கிறோம். அது கொடுக்கிறவனுக்குப் பெருமை வந்துவிடக் கூடாது என்பதற்காகச் சொன்னது. வாங்குகிறவருடைய மனம் எப்படி இருக்கும் என்பதற்கு நான் ரூத்தின் கதைக்குத்தான் போவேன், நத்தாருக்கும் அது நல்ல பொருத்தம்.

லேவியர் 19இல் ஒரு சட்டம் இருக்கிறது. வயல் அறுக்கும்போது ஓரத்தை ஒட்ட அறுக்காதே, சிந்தின கதிரைப் பொறுக்காதே, அது ஏழைக்கும் வேற்றூர்க்காரருக்கும் விட்டது. அதாவது ஏழை கை நீட்டி நிற்கத் தேவையில்லை, தானே வயலில் இறங்கித் தன் கையால் எடுத்துக்கொண்டு போகலாம். ரூத்து புருசனை இழந்தவள், வேறு நாட்டுக்காரி, மாமியையும் வைத்துக்கொண்டு பெத்லகேமுக்கு வந்தவள். அவள் போவாசின் வயலில் கதிர் பொறுக்கப் போகிறாள். போவாசு நினைத்திருந்தால் ஒரு மூட்டையைக் கட்டி எல்லார் முன்னாலும் கொடுத்து அனுப்பியிருக்கலாம். அவர் செய்தது என்ன? வேலைக்காரரைக் கூப்பிட்டு, கட்டில் இருந்து கொஞ்சக் கதிரை வேண்டுமென்றே உருவிக் கீழே விடுங்கள், அவள் பொறுக்கட்டும், அவளை ஒன்றும் சொல்லிக் கூச்சப்படுத்தாதீர்கள் என்கிறார் (ரூத்து 2:15, 16). அவள் அன்றைக்கு வீட்டுக்குக் கொண்டுபோனது தன் உழைப்பு என்றே கொண்டுபோனாள்.

அந்த ரூத்தின் பெயர் மத்தேயு எழுதின இயேசுவின் தலைமுறைப் பட்டியலில் இருக்கிறது. அதே பெத்லகேமில்தான் பாலன் பிறக்கிறார். குடில் கட்டும்போது இடையரையும் ஞானிகளையும் வைக்கிறோம், இந்த விதவைப் பெண்ணையும் அங்கே நினைக்கலாம் என்று பிள்ளைகளுக்கு நான் சொல்வதுண்டு.

உங்கள் மகன் விசயம். பத்துத் தொழுநோயாளர் சுகமானார்கள், ஒரு சமாரியன் மட்டும் திரும்பி வந்து நன்றி சொன்னான். மற்ற ஒன்பது பேர் எங்கே என்று ஆண்டவர் கேட்டார், அது உண்மை, நன்றி சொல்வது பெரிய விசயம்தான். ஆனால் அந்த ஒன்பது பேருடைய சுகத்தை அவர் திருப்பி எடுக்கவில்லை. திரும்பி வந்தவனும் தானாக வந்தான். பிள்ளையை வரிசையில் நிறுத்தாமல் மாமாவோடு தனியாகக் கதைக்க விடுங்கள். பதினாலு வயதில் நன்றி வேறு விதமாகத்தான் வரும்.

—

ஸ்காபரோக்காரன் பதில்:

நான் அண்ணாவின் பக்கத்தில் இருந்து கொஞ்சம் சொல்கிறேன், கோவிக்க வேண்டாம்.

இங்கே நத்தார் என்றால் வெளியில் பனி, உள்ளே ஹீட்டர், பலருக்கு அன்றைக்கும் வேலை. அவர் நள்ளிரவுப் பூசைக்குப் போனாரோ தெரியாது, போயிருந்தாலும் பக்கத்தில் நிற்கிறவருக்கு அவருடைய அப்பாவைத் தெரியாது. உங்களுக்கு அங்கே அம்மா இருக்கிறா, 26ஆம் திகதி அழுவதற்கு அதே கடலில் ஆளை இழந்த சனம் பக்கத்தில் இருக்கிறது. அவருக்கு இருக்கிறது ஒரு போனும் அதில் வருகிற படங்களும்தான். பதாகையில் அப்பாவின் முகத்தைப் பார்த்தால் தானும் அங்கே நின்ற மாதிரி இருக்கும் என்று நினைக்கிறார் போல. வேலைத்தலத்தில் நாலு பேரிடம் சேர்த்த காசாகவும் இருக்கலாம், அவர்களுக்குக் காட்ட ஏதாவது வேண்டும்.

அதனால் வசனம் அனுப்பாதீர்கள். வட்ஸ்அப்பில் எழுதாமல் நேரே எடுத்துக் கதையுங்கள், முதலில் அம்மா கதைக்கட்டும். நிவாரண வரிசையில் நின்ற கதையை அவர் அம்மாவின் வாயால் கேட்க வேண்டும், அந்த நேரம் அவர் உங்களோடு இருந்தாரோ இல்லையோ எனக்குத் தெரியாது, இல்லையென்றால் இன்னும் கட்டாயம் கேட்க வேண்டும். படம் வேண்டாம் என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் கதவைச் சாத்தின மாதிரி இருக்கும். சாமான் வாங்கின கடைத் துண்டு அனுப்புங்கள், கட்டி அடுக்கின பொதிகளைப் படம் எடுத்து அனுப்புங்கள், அப்பாவுக்குப் பூசை ஒப்புக்கொடுத்து அந்த நேரம் அவரை லைனில் எடுங்கள். வீட்டுக்குள் அப்பாவின் படத்துக்கு மாலை போட்டு மெழுகுதிரி கொளுத்தி, உங்கள் குடும்பம் மட்டும் நின்று எடுத்த படம் ஒன்றும் அனுப்புங்கள். அதை அவர் போனில் எவ்வளவு காலம் வைத்திருப்பார் என்று பாருங்கள்.

—

கரடிப்போக்கு (கிளிநொச்சி) பதில்:

எல்லாம் சரி, ஆனால் கணக்கு இல்லாமல் கொடுக்க வேண்டாம். எங்கள் பக்கம் வெளிநாட்டுக் காசு வந்து பாதி காணாமல் போன கதை இருக்கிறது, அதற்குப் பிறகுதான் எல்லாரும் படம் படம் என்று கேட்கத் தொடங்கினது. ஒரு கொப்பியில் பெயர், சாமான், கையெழுத்து. வாங்குகிறவர் கையெழுத்தோடு உங்கள் கையெழுத்தும் இருக்கட்டும். அது போதும், முகம் தேவையில்லை.

—

ஒட்டுசுட்டான் பிள்ளை பதில்:

அக்கா, நான் படத்தில் நின்ற பிள்ளை, அதனால் எழுதுகிறேன். நாங்கள் சைவம்.

சின்ன வகுப்பில் படிக்கும்போது ஒரு அமைப்பு புத்தகப்பை தந்தது. நல்ல பை, அதை வைத்துத்தான் கன வருசம் பள்ளிக்கூடம் போனேன், தந்தவர்கள் நன்றாக இருக்க வேண்டும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் பையைத் தந்தவர் ஒரு பக்கம் பிடிக்க நான் மறுபக்கம் பிடித்துக்கொண்டு நின்றேன், படம் சரிவரவில்லை என்று திரும்பவும் பிடிக்கச் சொன்னார்கள். அந்தப் படம் பேஸ்புக்கில் இருந்தது. ஏ.எல். படிக்கிற காலத்தில் வகுப்புப் பெடியன் ஒருவன் அதைத் தேடி எடுத்து எல்லாருக்கும் காட்டினான். கீழே எங்கள் வீட்டுக் கதை முழுக்க எழுதியிருந்தது, அப்பா செத்தது, அம்மா கூலி வேலைக்குப் போகிறது எல்லாம். என்னிடம் யாரும் கேட்டு எழுதவில்லை.

ஆனால் 2009 நத்தாரை நான் வேறு மாதிரி நினைக்கிறேன். சண்டை முடிந்து எங்களை வைத்திருந்த செட்டிக்குளம் முகாமில் பக்கத்துக் கூடாரத்தில் வேதக்கார அம்மம்மா ஒருவ இருந்தா. நிவாரண மாவை வறுத்து, சீனி போட்டு, தேங்காய்ப்பூ கொஞ்சம் எங்கேயோ வாங்கி, உருண்டை பிடித்தா. பிடிக்கும்போது என்னையும் கூப்பிட்டு, "உன்ர கை சின்னன், நீ பிடிச்சால் நிறைய உருண்டை வரும்" என்று என் கையில் மாவைத் தந்தா. பிறகு அந்த உருண்டைகளைக் கூடாரம் கூடாரமாகக் கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான். வாங்கினவர்கள் எல்லாரும் எனக்கு நன்றி சொன்னார்கள். ஒன்றுமே இல்லாமல் வந்த பிள்ளை நான், அன்றைக்குக் கொடுக்கிற ஆளாக இருந்தேன்.

அதனால் பட்டியலில் இருக்கிறவர்களையே பொதி கட்டக் கூப்பிடுங்கள் அக்கா. எந்த வீட்டில் பால்மா வேண்டும், எந்த வீட்டில் வயோதிபருக்குச் சீனி கூடாது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அந்தத் தையல் அக்காவிடம் முதலில் கேளுங்கள்.

—

வாடைக்காற்று (புதுக்குடியிருப்பு) எழுதியது:

எல்லாருக்கும் நன்றி, உண்மையாக. அம்மாதான் முதலில் கதைத்தா, நான் பக்கத்தில் இருந்தேன். ரூத்தின் கதையையும் சொன்னா, வாத்தியார் எழுதினதை நான் வாசித்துக் காட்டியிருந்தேன். அண்ணா கனநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, கொஞ்சக் காசு தன்னோடு வேலை செய்கிறவர்கள் தந்தது, அவர்களுக்கு என்ன காட்டுவது என்று கேட்டார். ஸ்காபரோ அண்ணா சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். கொப்பியும் கடைத் துண்டும் போதும் என்று ஒத்துக்கொண்டார். பதாகையை மட்டும் விட மனமில்லை. அது தான் ஆசையாக அடிக்கச் சொன்னது, வீட்டு விறாந்தையில் கட்டுங்கோ என்றார். அம்மா அதற்குச் சம்மதித்தா, எனக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை, ஆனால் அது அப்பாவின் படம், நான் அதற்கு மேல் கதைக்கவில்லை.

தையல் அக்காவிடம் கேட்டேன். பொதிக்குப் பை தான் தைத்துத் தருவதாகச் சொன்னா, பொலித்தீன் வேண்டாமாம், தைத்த பை என்றால் பிறகு சந்தைக்குக் கொண்டுபோகலாமாம். துணிக்கு மட்டும் காசு வாங்குகிறா. தன் பெயரைப் பட்டியலில் இருந்து எடுக்கச் சொன்னா. பையும் தை, பொதியும் எடு, இரண்டும் ஒன்றுக்கு ஒன்று குறுக்கே இல்லை என்று அம்மா பேசிவிட்டா. பட்டியலில் இருக்கிற இன்னும் மூன்று பேர் கட்ட வருகிறார்கள். ஒட்டுசுட்டான் தங்கச்சி சொன்ன மாதிரியே, ஒரு வீட்டுக்குச் சீனிக்குப் பதிலாகப் பயறு போடச் சொல்லியிருக்கிறார்கள்.

மகன் மாமாவோடு தனியாகக் கதைத்தான், முக்கால்வாசி கிரிக்கெட்தான். என்ன கதைத்தாய் என்று நான் கேட்கவில்லை.

சனிக்கிழமை சாமான் எடுக்கப் போகிறோம். பருப்பும் சம்பா அரிசியும் மொத்த விலைக்கு எடுக்கப் பரந்தன் பக்கம் நல்ல கடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள், லொறிக் கூலியோடு பார்த்தால் இங்கே எடுப்பது மேலா என்றும் சொல்லுங்கள்.