ஃபைட்டர் மீனும் காய்ந்த புழுவும்: எங்கள் குடும்பக் குழுவில்

சனிக்கிழமை

மாலா (காலை 9.12): அண்ணா, கவினுடைய ஃபைட்டர் மீனுக்கு இவர் ஒரு பாட்டில் வாங்கி வந்திருக்கிறார். ஃப்ரீஸ் ட்ரைடு ரத்தப்புழுவாம். தினமும் போடலாமா?

லட்சுமி பாட்டி (9.14): என்னது, புழுவா? வீட்டுக்குள்ளேயா?

ரவி (9.15): செத்துக் காய்ந்த புழு அத்தை. நகராது.

லட்சுமி பாட்டி (9.15): நகராவிட்டால் சரியாகிவிடுமா மாப்பிள்ளை? மசாலா டப்பா பக்கம் மட்டும் வைத்துவிடாதீர்கள்.

சேகர் (9.31): தினமும் வேண்டாம் மாலா. வாரத்தில் ஒன்றிரண்டு நாள், ஒரு தடவைக்கு இரண்டு மூன்று புழு, அவ்வளவுதான். மற்ற நாளில் அந்தச் சின்ன உருண்டைத் தீனிதான் அவனுக்குச் சோறு. இது நொறுக்குத்தீனி.

கவின் (9.33): அம்மா போனில் நான் கவின். மாமா, உருண்டையைத் துப்புகிறான். புழுவை மட்டும் பாய்ந்து பிடிக்கிறான்.

சேகர் (9.36): பாயத்தான் செய்வான். தாய்லாந்துப் பக்கம் வயல் தண்ணீரில் பூச்சியும் கொசுப்புழுவும் தின்று வளர்ந்த இனம். அவன் வாய் மேல்நோக்கித் திறக்கும், கவனித்திருக்கிறாயா? தண்ணீர்மேல் விழுவதைக் கவ்வ வாகாக. 2019இல் அந்த நாடு இந்த மீனைத் தன் தேசிய நீர்வாழ் விலங்காகவே அறிவித்துவிட்டது. அவ்வளவு கெத்து. ஆனால் துப்பினான் என்று உடனே புழு போட்டால் நாளைக்கும் துப்புவான். பசிக்கட்டும், தானாகத் தின்பான்.

தீபா (9.38): இந்தக் கறார் எல்லாம் மீனிடம் மட்டும்தான். நம் வீட்டில் உப்புமாவைத் துப்புகிறவர் யார் என்று கேட்டுச் சொல் கவின்.

கவின் (9.40): அவன் வயிறு இப்போது புடைத்திருக்கிறது மாமா. ஒரு மூலையிலேயே நிற்கிறான்.

மாலா (9.41): நேற்று ராத்திரி இவர் ஒரு சிட்டிகை அப்படியே தூவினார்.

ரவி (9.41): சிட்டிகைதானே!

சேகர் (9.47): மாப்பிள்ளை, அவன் வயிறே கிட்டத்தட்ட அவன் கண் அளவுதான். கவின், தொட்டிக்கு மேலிருந்து பார். செதில் எல்லாம் உடம்போடு படிந்திருக்கிறதா, சிலிர்த்து நிற்கிறதா?

கவின் (9.52): படிந்திருக்கிறது.

சேகர் (9.55): அப்படியானால் அஜீரணம்தான் என்று நினைக்கிறேன். சிலிர்த்தால் அது வேறு விவகாரம், உடனே கூப்பிடு. இன்றும் நாளையும் எதுவும் போடாதே. தண்ணீர் 26 டிகிரிக்குக் குறையாமல் பார்த்துக்கொள், குளிர்ந்தால் செரிமானம் மந்தமாகும்.

தீபா (9.57): வேகவைத்த பட்டாணி கொடுக்கச் சொல்லி யூடியூபில் பார்த்தேனே?

சேகர் (9.58): அது தங்கமீனுக்குப் பொருந்தும். இவன் அசைவம். அடைப்பு விடாவிட்டால் டாஃப்னியா என்கிற பொடி நீர்வாழ் உயிரியைக் கொடுக்கலாம். அதன் ஓடு செரிக்காது, குடலைத் தள்ளிவிடும்.

லட்சுமி பாட்டி (10.02): நம் ஊர்க் கிணற்றில் மீன் விட்டிருந்தோமே, அதற்கு யார் பாட்டில் வாங்கிப் போட்டார்கள்?

சேகர் (10.04): அது கொசுப்புழுவைத் தின்று வளர்ந்தது அம்மா. இவனுக்கும் உண்மையில் அதுதான் விருந்து.

கவின் (10.04): நான் மாடியில் வாளியில் கொசுப்புழு வளர்க்கட்டுமா???

மாலா (10.05): வளர்த்துப் பார். டெங்கு சோதனைக்கு வருகிறவர்களிடம் நீயே பதில் சொல்லிக்கொள்.

ரவி (10.09): அப்போது கொளத்தூர் வண்ணமீன் சந்தைக்குப் போய் உயிருள்ள டியூபிஃபெக்ஸ் புழு வாங்கலாமா?

சேகர் (10.15): எனக்கு அதில் இஷ்டமில்லை. சாக்கடைச் சேற்றிலும் வளர்கிற புழு, கூடவே நோயையும் கொண்டுவரும். அந்த வகையில் காய்ந்த புழுவே மேல். ஆனால் ஊறவைக்காமல் போடக்கூடாது. புழுவை உறையவைத்து, காற்றை உறிஞ்சிய அறையில் வைத்து, அந்தப் பனி தண்ணீராகாமலே ஆவியாகப் போகும்படி காயவைக்கிறார்கள். அதனால்தான் உருவம் அப்படியே இருக்கும், கையில் எடுத்தால் எடையே தெரியாது. அதில் ஈரமே இல்லை. உள்ளே போய் ஊறினால் வயிறு உப்பும், அடைத்துக்கொள்ளும். ஒரு மூடியில் தொட்டித் தண்ணீர் எடுத்துப் பத்து நிமிடம் போட்டு வை. முதலில் சருகு போல மிதக்கும், அப்புறம் கறுத்து, தொட்டால் வளையும். அப்போது போடு. ஐந்து நிமிடத்தில் தின்னாததை எடுத்துவிடு, சின்னத் தொட்டியில் அது அழுகினால் அம்மோனியா ஏறிவிடும்.

ரவி (10.18): பாட்டிலைத் திறந்ததிலிருந்து எனக்கு ஒரே தும்மல். ஏசிதான் காரணமோ என்னவோ.

சேகர் (10.20): ஏசி இல்லை, அந்தப் புழுத்தூள்தான் என்பது என் சந்தேகம். அதன் சிவப்புக்குக் காரணம் ஹீமோகுளோபின் என்கிற புரதம், நம் ரத்தத்தில் இருப்பதற்கு உறவு, ஆனால் அதேதான் இல்லை. அந்தப் புரதம் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, கண் அரிக்கும், மூச்சு இரைக்கும். உங்களுக்கு ஏற்கெனவே வீசிங் உண்டு. இனி அந்தப் பாட்டில் பக்கமே போகாதீர்கள். கவின், நீயும் கையால் எடுக்காதே, இடுக்கியால் எடு. முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவு. கழுவாமல் கண்ணைக் கசக்காதே. தும்மல் நிற்காவிட்டால் இந்தப் புழுவே வேண்டாம், பாட்டிலை என்னிடம் கொடுத்துவிடுங்கள்.

மாலா (10.21): கேட்டீர்களா?

ரவி (10.24): ம்.

ஞாயிற்றுக்கிழமை

கவின் (மாலை 6.40): சேகர் மாமா!! போய்விட்டான்!

தீபா (6.40): ஐயோ, எப்போது?

கவின் (6.41): அந்தப் போவது இல்லை அத்தை, கக்கா போய்விட்டான். வயிறு இறங்கிவிட்டது. போட்டோ எடுத்திருக்கிறேன், அனுப்பட்டுமா?

லட்சுமி பாட்டி (6.42): பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன் கண்ணா. மாமாவுக்கு மட்டும் தனியாக அனுப்பு.